ஆல்பினுக்கு ஓட்டுப் போடாதீர்கள்

மற்ற ஊர்களில் தேர்தல் வந்தால் ஆட்கள் வெளியே வருவார்கள். எங்கள் மலைக்கிராமம் ஷாட்டன்மாட்டில் உள்ளே போய்விடுவார்கள். நவம்பர் பிறந்ததும் நல்ல திடகாத்திரமான ஆண்பிள்ளைகள் எல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்குவார்கள். போன நவம்பரில் தச்சன் யோஸ்ட் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்தான். காது கேட்காதவனை ஊராட்சி மன்றத்துக்கு எடுக்கமாட்டார்கள் என்று அவன் நினைப்பு. காது கேட்காதவர்கள் மூன்று பேர் ஏற்கனவே அங்கேதான் இருக்கிறார்கள்.

காரணம் எங்கள் மாநிலச் சட்டம். மன்றத்துக்கு ஐந்து பேர், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தேர்தல். யாருமே நிற்காவிட்டாலும் தேர்தல் நடக்கும். வாக்குச்சீட்டில் வெறும் கோடு போட்டுக் கொடுப்பார்கள். ஊரில் குடியிருக்கும் யார் பெயரை வேண்டுமானாலும் அதில் எழுதலாம். அதிகம் பேர் யார் பெயரை எழுதினார்களோ அவர் பதவியேற்றே ஆகவேண்டும். மாட்டேன் என்று சொல்வதென்றால் ஒன்று படுத்த படுக்கையாக இருக்க வேண்டும், அல்லது ஊரைவிட்டுக் குடிபோக வேண்டும். இதற்குப் பெயர் சுதந்திரம் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

என் பெயர் பவுலினா ஹெர்கர். வயது அறுபத்தொன்று. ஓட்டு எண்ணுகிற மூன்று பேரில் நான் ஒருத்தி. அதுவும் நானாகக் கேட்டு வாங்கிய வேலை இல்லை, தலையில் கட்டியதுதான். சும்மா இருக்கும் வேலை என்று நினைக்க வேண்டாம். நாட்டுக்கு, மாநிலத்துக்கு, ஊருக்கு என்று வருடத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஓட்டு உண்டு. மாட்டுக்குக் கொம்பு இருக்கலாமா என்பதற்குக்கூட இந்த நாடே உட்கார்ந்து ஓட்டுப் போட்டது. இவ்வளவு ஆசையாக ஓட்டுப் போடுகிறவர்கள் எங்கள் அம்மாவுக்கு ஓட்டுரிமை கொடுக்க அவளுக்கு நாற்பது வயது ஆகும்வரை யோசித்தார்கள். அதுவரை அவள் ஓட்டுப் பெட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் மன்றத்துக்குப் பெண்கள் பெயரை எழுதுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. இதுவரை ஒரே ஒருத்திதான் போயிருக்கிறாள். அது ஒரு அவமானம்தான் என்றாலும், நவம்பர் மாதத்தில் ஒரு வசதியாகவும் இருந்தது.

என் கணவன் ஆல்பினுக்கு அந்த வசதி இல்லை. முப்பத்தெட்டு வருடமாக ஒவ்வொரு தேர்தலிலும் தப்பித்து வந்தவன். ஒரு வருடம் முதுகுவலி, ஒரு வருடம் மூச்சிரைப்பு, ஒரு வருடம் பாதிரியாரோடு வேண்டுமென்றே சண்டை. இந்தத் தடவையும் அவன் தப்பித்தே ஆகவேண்டும், ஏனென்றால் இந்தத் தடவை நான் கடலைப் பார்க்கப் போகிறேன்.

முப்பத்தெட்டு வருடம் ஆடு கறந்து, பால் காய்ச்சி, சீஸ் போட்டவள் நான். ஆட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒரு வாரத்துக்கு மேல் ஊரைவிட்டுப் போனதில்லை. போன கோடையில் ஆடுகளை ஆல்பினின் அண்ணன் மகனிடம் கொடுத்தோம். ஒரு பழைய வேன் வாங்கி, உள்ளே கட்டில் போட்டு, அடுப்பு வைத்தோம். ஏப்ரலில் கிளம்பி ஒரு வருடம் கடலோரமாகவே போவது என்று முடிவு. ஆல்பினுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நான்தான் ஓட்டுவேன், அவன் வழி சொல்வான். மன்றத்தில் மாட்டினால் பதினைந்து நாளுக்கு ஒரு திங்கட்கிழமை கூட்டம், இரண்டு வருடம் அசைய முடியாது. வேன் துருப்பிடிக்கும். நானும்தான்.

வழி சொல்லும் பொறுப்பை அவன் மிகவும் கவனமாகவே செய்தான். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எந்த நாட்டில் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை தேர்தல் என்று எழுதினான். நாங்கள் போகும்போது எந்த நாட்டிலும் தேர்தல் இருக்கக் கூடாதாம். தெருவில் ஒரு தலைவர் படத்தைக்கூட அவன் பார்க்கமாட்டானாம்.

“ஸ்வீடனைப் பாரு பவுலினா,” என்பான், சாப்பிடுகிற கரண்டியை வைத்துவிட்டு. “நாலு வருஷத்துக்கு ஒரே ஒரு நாள். நாடு, மாவட்டம், ஊரு எல்லாத்துக்கும் அன்னிக்கே போட்டு முடிச்சுடறான். அப்புறம் காலை நீட்டிப் படுத்துக்கறான்.”

“நார்வே?”

“அவனும் நாலு வருஷம்தான். ஆனா நாட்டுக்கு ஒண்ணு, ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வைக்கிறான். அதனால நார்வேக்கு ரெண்டே வாரம். பிரான்ஸ்ல ஊர் மன்றத்துக்கு ஆறு வருஷம்! ஒரு தடவை தப்பிச்சா ஆறு வருஷம் நிம்மதி. பொறந்தா பிரெஞ்சுக்காரனாப் பொறக்கணும்.”

ஒரு தடவை மாட்டினாலும் ஆறு வருடம்தானே என்று கேட்டேன். அதை அவன் காதில் வாங்கவில்லை. நோட்டில் தப்பிக்கிற கணக்கு மட்டும்தான் இருந்தது.

நவம்பரில் பழைய நான்கு பேர் தொடர ஒத்துக்கொள்ள, மன்றத்தில் ஒரு இடம் மட்டும் காலியானது. அன்றிலிருந்து ஆல்பினுக்குத் தூக்கமில்லை. கடைசியில் ஒரு யோசனை செய்தான். ஊரில் யாருக்கும் வராத யோசனை, ஊரில் யாருக்கும் தேவையில்லாத யோசனையும்கூட. ரொட்டிக்கடை, பால் நிலையம், தேவாலயப் பலகை என்று மூன்று இடத்தில் கையால் எழுதி ஒட்டினான்:

ஆல்பின் ஹெர்கருக்கு ஓட்டுப் போடாதீர்கள். நான் கூட்டங்களில் தூங்குவேன். வரைபடம் பார்க்கத் தெரியாது. கோபம் வந்தால் கத்துவேன். தண்ணீர்க் குழாய் விஷயத்தில் என் சொந்தக்காரர் பக்கமே பேசுவேன். இப்படிக்கு, ஆல்பின் ஹெர்கர்.

பெயருக்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தான். அது அவன் வழக்கம். எங்கள் சீஸ் பெட்டி ஒவ்வொன்றிலும் ‘ஆல்பின் ஹெர்கர்’ என்று எழுதி அப்படித்தான் இரண்டு கோடு இழுப்பான். சீஸ் போட்டது நான் என்பது ஆடுகளுக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, கடைக்காரி ரெஜினா சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள்.

“ஏம்ப்பா ஆல்பின், நீ ஒட்டினதைப் படிச்சேன். அத்தனையும் நிஜம்.”

“நிஜம்தான்,” என்றான் இவன் பெருமையாக.

“நாப்பது வருஷத்துல இந்த ஊர்ல ஒருத்தன் தன்னைப் பத்தி உண்மையை எழுதி ஒட்டி நான் பாத்ததே இல்ல. என்ன யோஸ்ட்?”

பக்கத்து மேசையில் யோஸ்ட் காதிலிருந்த பஞ்சை எடுத்தான். “இப்ப இருக்கறவங்களும் தூங்கறாங்க. தூங்கறோம்னு ஒத்துக்கறதில்ல. இவன் யோக்கியன்.”

“டேய், யோக்கியன் கீக்கியன்னு சொல்லாத!” ஆல்பின் கத்தினான்.

“பாரு, கோவம் வந்தா கத்துவேன்னு எழுதினான், கத்தறான்,” என்றாள் ரெஜினா. “சொன்ன வாக்கைக் காப்பாத்தற ஆளு.”

கடை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வேனை யாருக்கு விற்கலாம் என்று என் மனது யோசிக்கத் தொடங்கியிருந்தது.

நவம்பர் கடைசி ஞாயிறு. ஓட்டு எண்ணுவது பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில். எண்ணுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி உறுதி சொல்ல வேண்டும்: யார் எப்படிப் போட்டார்கள் என்று தெரிய வந்தாலும் வெளியே சொல்லமாட்டேன் என்று. எல்லோரும் எல்லோருடைய கையெழுத்தையும் அறிந்த ஊரில் இந்த உறுதி ரொம்ப அவசியம்.

நான் பிரித்த முதல் கட்டில் ஆல்பின், ஆல்பின், ஆல்பின். யோஸ்டுக்கு நான்கு. செத்துப்போன பால்காரருக்கு ஒன்று. மறுபடி ஆல்பின். கை தன்பாட்டுக்குப் பிரித்துக்கொண்டே போனது. அப்புறம் ஒரு சீட்டைப் பிரித்தேன். அதில் ‘பவுலினா ஹெர்கர்’ என்று இருந்தது. அடியில் இரண்டு கோடு.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுட்டது. யாரை வேண்டுமானாலும் எழுதலாம், ஊரில் நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறோம். செத்துப்போன பால்காரரை எழுதியிருக்கலாம். இவன் என்னை எழுதியிருக்கிறான். தன் கழுத்துக்கு வந்த கயிற்றை நைசாக என் கழுத்துப் பக்கம் தள்ளிப் பார்த்திருக்கிறான். முப்பத்தெட்டு வருடத்தில் என் பெயரை அவன் முழுசாக எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊராட்சிச் செயலர் மைன்ராட் நல்ல பிள்ளை. அவனும் அந்தச் சீட்டைப் பார்த்தான், அவனுக்கும் அந்த இரண்டு கோடு தெரியும், தொண்டையைச் செருமினான். “பவுலினா ஹெர்கர், ஒண்ணு,” என்று எழுதிக்கொண்டான். பிறகு எழுந்து நின்று முடிவைப் படித்தான். ஆல்பின் ஹெர்கர், எண்பத்து மூன்று.

வீட்டுக்குப் போனால் ஆல்பின் சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

“எண்பத்து மூணு! எண்பத்து மூணு துரோகிங்க! யாரு யாருன்னு உனக்குத் தெரியும். சொல்லு.”

“எண்ணறவ வாயைத் திறக்கக் கூடாது.”

“புருஷன்கிட்டக்கூடவா?”

“புருஷன்கிட்டதான் முக்கியமா.”

“உனக்கும் ஒரு ஓட்டு விழுந்துச்சாமே,” என்றான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. “யாரு அந்த முட்டாளு?”

“தெரியல,” என்றேன். “முட்டாளுன்னு மட்டும் தெரியும்.”

உருளைக்கிழங்கை அன்று நான் தோலோடு ஆல்பினுக்கு வைத்தேன். அதற்குமேல் எதுவும் செய்ய அந்த உறுதி எனக்கு இடம் கொடுக்கவில்லை.

மறுநாளே அவன் தப்பிக்கும் வேலையைத் தொடங்கினான். டாக்டரிடம் போனான். உனக்கு எருமை இதயம், இன்னும் முப்பது வருடம் மன்றத்தில் உட்காரலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வெளிநாட்டுக்குக் குடிபோவதாக எழுதிக்கொடுக்கலாம் என்றால், மலைமேல் அவன் பெயரில் இருக்கும் மேய்ச்சல் பங்கு போய்விடும். அது ஷாட்டன்மாட், க்ளைன்பாக் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் பொதுவான மலை. இரண்டில் ஒன்றில் குடியிருப்பவனுக்குத்தான் பங்கு. நாங்கள் ஆடு கொடுத்த பையன் பிழைப்பதே அந்தப் பங்கில்தான்.

“அப்போ க்ளைன்பாக்!” என்று ஆல்பின் மேசையைத் தட்டினான்.

க்ளைன்பாக் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும். நடுவில் ஒரு ஓடை. ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம், வேறு சட்டம். ஆல்பின் அந்தச் சட்டத்தின் முதல் பக்கத்தைக் கொண்டுவந்து எனக்குப் படித்துக் காட்டினான்.

“அங்க நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் தேர்தல். ஸ்வீடன் மாதிரி! நமக்குப் பக்கத்துலயே ஸ்வீடன் இருந்திருக்கு, நாம பாக்கல.”

“அந்தத் தேர்தல் ஜனவரில வருதே ஆல்பின். இன்னும் ரெண்டு மாசம்கூட இல்ல.”

“வரட்டுமே. அங்க என்னை யாருக்குத் தெரியும்? தெரியாதவன் பேரை யாராவது எழுதுவானா? இது தாண்டினா நாலு வருஷம் நிம்மதி.”

“சட்டம் முழுசையும் படிச்சியா?”

“முக்கியமானதைப் படிச்சேன்.”

டிசம்பரில் தலையணை, ரேடியோ, தேர்தல் நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினான். ஹெட்விக் என்ற விதவையின் வீட்டு மாடியில் ஓர் அறை. பதிவு அங்கே, படுக்கை அங்கே, சாப்பாடு மட்டும் எப்போதும்போல என்னிடம். மைன்ராட் தலையில் அடித்துக்கொண்டு காலியான இடத்துக்கு ஜனவரியில் இன்னொரு தேர்தல் அறிவித்தான். க்ளைன்பாக்குக்கும் அதே ஞாயிறு. ஆல்பின் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாலத்தின் மேல் வரும்போதெல்லாம் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைப்பான். ஊரே பல்லைக் கடித்தது.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை, ரொட்டி வண்டி அருகே ஹெட்விக் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“பவுலினா, உன் வீட்டுக்காரன் ஆளு எப்படி?”

“ஏன் கேக்கற?”

“சும்மாதான். ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க.” சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எங்க ஊர்ல எழுபது வீடு. எழுபதும் மாமன் மச்சான். யாரு பேரை எழுதினாலும் திங்கக்கிழமை அவங்க மூஞ்சில முழிக்கணும். போன தடவை என் நாத்தனார் பேரை எழுதிட்டு, நாலு வருஷம் அவ எனக்கு ஒரு முட்டை கொடுக்கல. இப்ப புதுசா ஒருத்தன் வந்திருக்கான். அவனுக்குப் போட்டா யாருக்கு வருத்தம்? அவனுக்கு மட்டும்தானே.”

நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு தெளிவாக யோசிக்க ஆல்பினுக்கு நோட்டுப் புத்தகம் முழுக்கப் பத்தவில்லை. தெரியாதவனுக்கு யாரும் ஓட்டுப் போடமாட்டார்கள் என்று இவன் போய் உட்கார்ந்திருக்கிறான். தெரியாதவன் எப்போது வருவான் என்று அந்த ஊர் நூறு வருடமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு வார்த்தையில் நான் அவனைக் காப்பாற்றியிருக்கலாம். குடிகாரன், திருடன் என்று ஏதாவது சொன்னால் போதும். என் கடலும் தப்பியிருக்கும் என்று நினைத்தேன். உடனே இன்னொன்றும் தோன்றியது. வேனை ஓட்டப் போவது நான். கட்டிலில் நான் தைத்த மெத்தை. கடல் இருக்கும் பக்கம் சாலையில் பலகை வைத்திருப்பார்கள். இதில் ஆல்பின் எங்கே வருகிறான்? அதோடு அந்த இரண்டு கோடும் கண்முன்னால் வந்தது.

“ரொம்பப் பொறுப்பான மனுஷன்,” என்றேன். “கூட்டம்னா உயிரு. நீங்க கேட்டா வேணாம்னு சொல்வான். அது அடக்கம்.”

ஜனவரிக் கடைசி ஞாயிறு எங்கள் ஊரில் ரெஜினா மாட்டிக்கொண்டாள். கரண்டியைச் சுவரில் வீசினாள் என்று கேள்வி. எங்கள் ஊர் வரலாற்றில் இரண்டாவது பெண். என் பெயருக்கு அந்தத் தடவை ஒரு ஓட்டும் இல்லை. எழுதக்கூடிய ஒரே ஆள் ஓடைக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டானே.

பாலத்தின் மேல் தொப்பி இல்லாமல் ஆல்பின் ஓடிவந்தான்.

“நூத்திப் பதினொண்ணு! பவுலினா, நூத்திப் பதினொண்ணு! அந்த ஊர்ல மொத்தமே நூத்தி இருபது பேருதான்!”

“ஜமாய்ச்சுட்டியே.”

“நாளைக்கே இங்க திரும்பி வந்துடறேன். இங்கதான் ரெஜினா மாட்டிட்டாளே. இனி ரெண்டு வருஷம் பயமில்ல.”

அது நடக்காது என்று சொல்ல மைன்ராட் தானே வீட்டுக்கு வந்தான். பாவம், அவனுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. க்ளைன்பாக் சட்டத்தின் இரண்டாவது பக்கத்தை மேசையில் வைத்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு ஊர் மாறிப் போகிறவன் பொதுமலையில் தன் மேய்ச்சல் பங்கை நிரந்தரமாக இழப்பான் என்று இருந்தது. இருநூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் இதே மாதிரி அங்கே மாட்டி, ஓடித் தப்பித்ததால் போட்ட விதியாம்.

ஆல்பின் அதை மூன்று தடவை படித்தான். பிறகு தேர்தல் நோட்டை எடுத்து, க்ளைன்பாக்குக்கு நேரே எழுதியிருந்த ‘நான்கு’ என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். எங்கள் ஊரிலேயே இருந்திருந்தால் இரண்டோடு போயிருக்கும். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

ஏப்ரல் பத்தாம் தேதி காலையில் வேனைக் கிளப்பினேன். ஆல்பின் கூட்டத்துக்குப் போகிற சட்டையோடு, கக்கத்தில் தண்ணீர்க் குழாய்க் கோப்போடு வழியனுப்ப வந்தான்.

“நாலு வருஷம்தான் பவுலினா. பொறுத்துக்கோயேன். ரெண்டு பேரும் சேந்தே போலாம்.”

“கடல் பொறுத்துக்கும். நான் பொறுத்துக்கமாட்டேன்.”

“நீ இல்லாம நான் எப்படி இருப்பேன்?”

“கூட்டத்துல தூங்கு. அதான் ஒட்டியிருந்தியே.”

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினான். “வழிக்கு வச்சுக்கோ. கடைசியா நீ போட்ட சீஸ்.”

வாங்கி மடியில் வைத்தேன். லேபிளில் இத்தனை வருடம் இருந்த பெயர் இல்லை. ‘பவுலினா ஹெர்கர்’ என்று எழுதியிருந்தான். அடியில் இரண்டு கோடு. என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் எழுதியிருக்கிறான். அது எனக்குத் தெரிந்தது.

“நல்லா எழுதியிருக்க,” என்றேன். “இது ரெண்டாவது தடவை.”

“ரெண்டாவதா? இதுக்கு முன்னாடி எப்ப எழுதினேன்?”

“நவம்பர்ல. பள்ளிக்கூடத்துல பாத்தேன்.”

அவன் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. யார் எப்படிப் போட்டார்கள் என்று சொல்லமாட்டேன் என்று கையைத் தூக்கி உறுதி சொன்னவள் நான். யார் என்று நான் சொல்லவில்லை. எங்கே பார்த்தேன் என்று மட்டும்தான் சொன்னேன்.

க்ளைன்பாக் தேவாலயத்தில் மணி அடித்தது. ஒன்பதுக்கு அவனுக்குக் கூட்டம். நான் கியரைப் போட்டேன். பாலம் தாண்டும்வரை கண்ணாடியில் அவன் கோப்போடு அதே இடத்தில் நின்றது தெரிந்தது. அப்புறம் நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.